பசை என்று பெயர் வைத்தார்கள்: விழித்திரைத் துணை உயிரணுக்களின் வரலாறு

மூன்றாம் படிவ அறிவியலில் முதல் அலகே தூண்டலும் துலங்கலும்தான். கண் படம் போட்டு, அம்புக்குறி இழுத்துப் பெயர் எழுதாத மாணவர் நம்மிடம் இருக்க மாட்டார். விழித்திரைக்கு வந்தவுடன் பிள்ளைகள் ‘சேல் ரோட், சேல் கோன்’ என்று மலாயில் ஒப்பிப்பார்கள். தமிழில் கோலணு, கூம்பணு. அப்புறம் பார்வை நரம்பு, மூளை, பாடம் முடிந்தது. நான்காம் படிவ உயிரியலுக்குப் போனால் நரம்பணு மூன்று வகை என்று வரும். எல்லாம் சரிதான். ஆனால் விழித்திரையின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை ஊடுருவி நிற்கிற ஓர் உயிரணு இந்தப் படங்களில் பெரும்பாலும் இருப்பதில்லை. அதற்குப் பெயர் மியூலர் உயிரணு. கிளையா என்ற துணை உயிரணுக் குடும்பத்தைச் சேர்ந்தது. கோலணு, கூம்பணு, அவற்றின் செய்தியை வாங்கி அனுப்பும் நரம்பணுக்கள் எல்லாவற்றையும் தன் மெல்லிய கிளைகளால் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

இது அண்மையில் கண்டுபிடித்த ஒன்றல்ல. 170 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டார்கள். பார்த்தும், நூறு ஆண்டுகளுக்கு மேல் ‘இது சும்மா தாங்கிப் பிடிப்பது’ என்று ஒதுக்கி வைத்தார்கள். அதற்கு ஒரு பெரிய காரணம், இந்தக் குடும்பத்துக்கு வைத்த பெயர். ஒரு பெயர் எப்படி ஆராய்ச்சியின் கண்ணையே கட்டிப்போடும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அறிவியல் வரலாற்றில் எனக்குத் தெரிந்து குறைவு.

கதை தொடங்குவது ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில். அங்கே உடற்கூற்றியலில் பணியாற்றியவர் ஹைன்ரிச் மியூலர். 1820இல் பிறந்தவர், 44 வயது நிறைவதற்குள் 1864இல் இறந்துவிட்டார். விழித்திரை கையில் எடுத்தாலே குழைந்துபோகும் பொருள். அதைக் குரோமிக் அமிலத்தில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார். 1851இல் அவர் எழுதிய குறுங்கட்டுரையில் விழித்திரையின் குறுக்கே செங்குத்தாக ஓடும் ஆரை நார்களைப் பற்றிக் குறிப்பிட்டார். அதே வூர்ஸ்பர்க்கில் இருந்த கோலிக்கர் என்ற பேரறிஞர்தான் அந்த நார்களுக்கு மியூலர் பெயரைச் சூட்டினார்.

மியூலரின் இன்னொரு வேலையை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் விழித்திரையின் எந்த அடுக்கு ஒளியை உணர்கிறது என்றே உறுதியாகத் தெரியாது. கோலணுக்களை ஒளியைத் திருப்பியடிக்கும் வெறும் கண்ணாடி என்று எண்ணியவர்களும் இருந்தார்கள். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் ஒளி உணரும் அடுக்குக்கு முன்னால் இருப்பதால், அவற்றின் நிழல் அதன்மேல் விழும். ஒளியைப் பக்கவாட்டில் அசைத்தால் நிழலும் அசையும். கண்ணுக்கு உள்ளே மரக்கிளை போல ஓர் உருவம் தெரியும். ஒளி எவ்வளவு நகர்ந்தது, நிழல் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து, குழாய்க்கும் ஒளி உணரும் அடுக்குக்கும் இடையே உள்ள தூரத்தை மியூலர் கணக்கிட்டார். வடிவியல் கணக்குதான், வேறொன்றும் இல்லை. கிடைத்த தூரம், கோலணுவும் கூம்பணுவும் இருக்கும் இடத்தோடு ஒத்துப்போனது. ஒளியை உணர்வது அவைதான் என்பதற்கு உயிருள்ள மனிதக் கண்ணிலிருந்தே கிடைத்த சான்று அது.

இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். ஓர் அட்டையில் குண்டூசியால் துளையிட்டு, கண்ணுக்கு அருகில் பிடித்து, வெளிச்சமான வெள்ளைச் சுவரைப் பார்த்தபடி அட்டையை வேகமாக அசைக்கச் சொல்லுங்கள். சூரியனைப் பார்க்கவே கூடாது என்று முதலில் சொல்லிவிடுங்கள். மெல்லிய வலைபோல் குழாய் நிழல்கள் தெரியும். பிள்ளைகள் கத்துவார்கள், பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சரி, பெயர் விவகாரத்துக்கு வருவோம். மியூலர் வூர்ஸ்பர்க்கில் வேலை செய்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், 1849 முதல் 1856 வரை, அங்கே பேராசிரியராக இருந்தவர் ருடோல்ஃப் விர்கோ. ஒவ்வோர் உயிரணுவும் இன்னோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்ற கொள்கையைப் பரப்பியவர் என்று நம் மாணவர்கள் அவரைப் படித்திருப்பார்கள். மூளையில் நரம்பணுக்களுக்கு இடையே ஏதோ ஒரு பொருள் நிரம்பியிருப்பதை அவர் கண்டார். 1856இல் அதற்கு ‘நியூரோகிளையா’ என்று பெயர் வைத்தார். கிளையா என்றால் கிரேக்க மொழியில் பசை. அதாவது நரம்புப் பசை. நரம்பணுக்களை ஒட்டிப் பிடித்திருக்கும் ஒருவகை இணைப்புப் பொருள் என்பதே அவர் எண்ணம். 1858இல் பெர்லினில் அவர் ஆற்றிய உரைகள் நூலாக வந்தபோது இந்தக் கருத்து எல்லா மருத்துவப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

மியூலர் நார்களும் இந்தப் பசைக் கணக்கில் சேர்ந்தன. ஜெர்மன் நூல்களில் ‘மியூலரின் தாங்கு நார்கள்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. தூண் வீட்டைத் தாங்கும்; தூணிடம் போய் யாராவது பேச்சுக் கொடுப்பார்களா?

தமிழில் நாம் ‘துணை உயிரணு’ என்று எழுதுகிறோம். தெரிந்தோ தெரியாமலோ இது பசையைவிட எவ்வளவோ நல்ல சொல். துணை என்பது நமக்குக் கீழ்ப்பட்டது என்ற பொருளை மட்டும் தருவதில்லை. துணைத் தலைமையாசிரியர் என்றால் ஒரு பொருள். வாழ்க்கைத் துணை என்றால் வேறு பொருள். திருக்குறளின் ஆறாம் அதிகாரத்துக்கே வாழ்க்கைத் துணைநலம் என்று பெயர். கடந்த அரை நூற்றாண்டில் விழித்திரை ஆய்வு காட்டியிருப்பது இந்த இரண்டாவது பொருளில் வரும் துணையைத்தான்.

அதற்கு முன் இத்தாலியும் ஸ்பெயினும் வரவேண்டும். 1873இல் கமிலோ கோல்ஜி வெள்ளி உப்பைக் கொண்டு சில உயிரணுக்களை மட்டும் முழுக் கறுப்பாக்கிக் காட்டும் சாயமுறையை வெளியிட்டார். அந்த முறையை மேம்படுத்தியவர் ஸ்பெயினின் சான்டியாகோ ரமோன் இ கஹால். 1893இல் முதுகெலும்பிகளின் விழித்திரை பற்றி அவர் பிரெஞ்சு மொழியில் வெளியிட்ட நூல் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருக்கிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த வலை அல்ல, தனித்தனியானவை என்பதற்கு விழித்திரை அவருக்கு வலுவான சான்றாக அமைந்தது. 1906இல் கோல்ஜியும் கஹாலும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். பரிசளிப்பில்கூட இருவரும் ஒத்துப்போகவில்லை. கோல்ஜி தம் உரையில் வலைக் கொள்கையையே பிடித்துக்கொண்டிருந்தார்.

கஹால் மியூலர் உயிரணுக்களையும் அழகாக வரைந்திருக்கிறார். நம் பாடநூல் படங்களின் மூதாதை அவர் படங்கள்தான். ஆனால் நகலெடுத்தவர்கள் செய்தி போகும் பாதையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்: ஒளியுணர் அணு, இருமுனை அணு, நரம்புமுடிச்சு அணு, அம்புக்குறி. மியூலர் உயிரணு அழிந்துபோனது அந்த நகலெடுப்பில்தான் என்பது என் கருத்து. பிறகு 1919இல் கஹாலின் நாட்டவரான பியோ டெல் ரியோ ஒர்டேகா நுண்கிளையா என்ற இன்னொரு வகையைப் பிரித்துக் காட்டினார். காயம் பட்டால் உருமாறி, நகர்ந்து, சிதைவுகளை விழுங்கும் காவலாள் அது. விழித்திரையில் நுண்கிளையாவும் உண்டு, பார்வை நரம்பு வழியாக உள்ளே வரும் விண்மீன் வடிவ உயிரணுக்களும் உண்டு. மியூலர் உயிரணு மட்டுமே அங்கேயே பிறந்து வளர்வது.

இதே காலத்தில் நம் முன்னோர் பலர் கப்பலேறிய சென்னையில் என்ன நடந்தது? 1819இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனை, இலண்டன் மூர்ஃபீல்ட்சுக்கு அடுத்து உலகிலேயே பழமையானது என்று சொல்லப்படுவது. இன்று எழும்பூரில் இருக்கிறது. 1904 முதல் அதற்குக் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கண்ணின் உள்ளழுத்தம் கூடிப் பார்வை போகும் கிளாக்கோமா நோயாளிகள் அவரிடம் நிறையப் பேர் வந்தார்கள். 1909இல் அவர் கருவிழி ஓரத்தில் சிறு வட்டத் துளையிட்டு உள்நீரை வடியவிடும் அறுவை முறையைச் செய்யத் தொடங்கினார். சென்னையிலிருந்து அது உலகமெங்கும் பரவியது. அவர் பெயராலேயே பல பத்தாண்டுகள் வழங்கியது.

எலியட்டின் துளை அழுத்தத்தைக் குறைத்தது. ஆனால் அழுத்தம் கூடினால் நரம்பணு ஏன் சாகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லை. அழுத்தம் இயல்பாக இருந்தும் பார்வை நரம்பு சிதைகிறவர்கள் உண்டே! அந்த விடையைத் தேடுகிறவர்கள் இன்று நரம்பணுவை மட்டும் பார்ப்பதில்லை; பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் இடத்தில் அதைச் சூழ்ந்திருக்கும் கிளையாவையும் பார்க்கிறார்கள். சென்னையில் எலியட் கத்தி பிடித்த நாளில் அந்தக் கிளையா வெறும் பசைதான்.

பசை பேச ஆரம்பித்தது 1966இல். ஸ்டீஃபன் கஃப்ளர், ஜான் நிக்கல்ஸ், ரிச்சர்ட் ஓர்க்கண்ட் மூவரும் அமெரிக்காவில் நெக்டுரஸ் என்ற நீர்வாழ் உயிரியின் பார்வை நரம்பை எடுத்து, அதன் கிளையா உயிரணுக்குள் நுண்மின்முனையைச் செலுத்தினார்கள். கிளையா நரம்பணுவைப் போல மின்துடிப்பு எழுப்பாது. ஆனால் பக்கத்து நரம்பிழைகள் துடிக்கும்போதெல்லாம் அதன் மின்னழுத்தம் மாறியது. காரணம் பொட்டாசியம். ஒவ்வொரு துடிப்புக்கும் நரம்பிழை கொஞ்சம் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. கிளையா அதை உடனே உணர்கிறது. பூனையின் விழித்திரை நரம்பணுக்கள் ஒளிப் புள்ளிக்கு எப்படித் துலங்குகின்றன என்று 1953இல் காட்டிப் புகழ்பெற்றவரும் இதே கஃப்ளர்தான்.

வெளியே தேங்கும் பொட்டாசியம் ஏன் ஆபத்து? பொந்தியான்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நம் வட்டாரத்துத் தாழ்நிலமும் கரிச்சேற்று மண்ணும் பாரிட் இல்லாமல் விளைநிலம் ஆகியிருக்காது. அன்னாசித் தோட்டமோ தென்னந்தோப்போ, மிஞ்சிய நீர் வாய்க்காலில் இறங்கிக் கடலுக்குப் போகவேண்டும். பாரிட் அடைத்துக்கொண்டால் பயிர் நின்ற இடத்திலேயே அழுகும். நரம்பணுவைச் சுற்றிப் பொட்டாசியம் தேங்கினாலும் அதே கதி: முதலில் கட்டுப்பாடின்றித் துடிக்கும், பிறகு துடிக்கவே முடியாமல் அடங்கும்.

1984இல் எரிக் நியூமன் சாலமாண்டர் மியூலர் உயிரணுவை ஆராய்ந்து காட்டியது இந்த வடிகாலைத்தான். பொட்டாசியம் எளிதாகக் கடக்கும் வாயில்கள் அந்த உயிரணு முழுவதும் சமமாகப் பரவியிருக்கவில்லை. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல், கண்ணாடி நீர்மத்தைத் தொட்டு நிற்கும் அதன் அடிப்பாதத்தில் குவிந்திருந்தன. நரம்பணுக்கள் செறிந்த நடுப்பகுதியில் உள்ளே வாங்கி, ஆளில்லாத கண்ணாடி நீர்மத்தில் வெளியே விடுகிறது. நாம் பாரிட் வெட்டியதும் அதற்காகத்தானே.

இன்னொரு துப்புரவும் உண்டு. விழித்திரையில் செய்தியை அடுத்த அணுவுக்குக் கடத்தும் முதன்மை வேதிப்பொருள் குளூட்டமேட். பேசியாகிவிட்டால் அது உடனே அகல வேண்டும்; தங்கினால் நரம்பணுவுக்கே நஞ்சு. மியூலர் உயிரணு அதை உறிஞ்சி, குளூட்டமின் என்ற தீங்கற்ற பொருளாக மாற்றி, நரம்பணுவிடமே மூலப்பொருளாகத் திருப்பித் தருகிறது. இந்த மாற்றத்தைச் செய்யும் நொதி விழித்திரையில் மியூலர் உயிரணுவில்தான் இருக்கிறது என்று 1977இல் எலி விழித்திரையில் காட்டினார்கள்.

இடையில் ஒரு சறுக்கலும் நடந்தது. கண்மேல் ஒளி பட்டால் எழும் மின்னலையைப் பதிவுசெய்யும் முறை 1865 முதல் இருக்கிறது. அதில் உயர்ந்து நிற்கும் ‘பி அலை’ மியூலர் உயிரணுவிலிருந்து வருகிறது என்று 1970இல் மில்லரும் டௌலிங்கும் கருத்துச் சொன்னார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் பல நூல்கள் அதை ஏற்றன. 1990களின் சோதனைகள் அதன் பெரும்பகுதி இருமுனை நரம்பணுவிலிருந்தே வருகிறது என்று காட்டின. பழைய நூலகப் புத்தகத்தில் முதல் விளக்கத்தைப் படித்துவிட்டு மாணவர் கேட்டால் இதைச் சொல்லலாம்.

துப்புரவு செய்வது சரி, கிளையா நரம்பணுவிடம் திருப்பிப் பேசுமா? 1997இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நியூமனும் கேத்லீன் சாஸும் எலி விழித்திரையில் ஒரு கிளையா உயிரணுவைத் தூண்டினார்கள். அதிலிருந்து கால்சியம் அலை ஒன்று கிளம்பி, உயிரணுவுக்கு உயிரணு, குளத்தில் கல்லெறிந்தாற்போல் பரவியது. அடுத்த ஆண்டு வெளியிட்ட கட்டுரையில், அந்த அலை வந்து சேர்ந்தபோது பக்கத்து நரம்பணுக்கள் ஒளிக்குத் துலங்கும் அளவே மாறியது என்று காட்டினார்கள். சிலவற்றில் கூடியது, சிலவற்றில் குறைந்தது. 2003இல் நியூமன் அடக்கும் வழி ஒன்றையும் விளக்கினார்: கிளையா ஏ.டி.பி. மூலக்கூறை வெளியே விடுகிறது, அது அடினோசினாக மாறி, நரம்பணுவைத் தணிக்கிறது. ஆக, இது இருவழிப் பேச்சு. ஆனால் ஆய்வகத்தில் தூண்டி எழுப்பிய அலை அன்றாடப் பார்வையில் எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. மாணவர்களிடம் அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

2007இல் வந்த செய்தி இன்னும் சுவையானது. நம் விழித்திரை ‘தலைகீழ்’: ஒளியை உணரும் அடுக்கு கடைசியில் இருக்கிறது, ஒளி மற்ற எல்லா அடுக்குகளையும் கடந்துதான் அங்கே போகவேண்டும். வழியில் சிதறாதா? ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆண்ட்ரியாஸ் ரைக்கென்பாக் குழுவினர் கினிப்பன்றியின் மியூலர் உயிரணுவைத் தனியே பிரித்து, ஒளிக்கற்றைகளுக்கு நடுவே நிறுத்திச் சோதித்தார்கள். அது கண்ணாடி இழை போல ஒளியைக் குறைந்த சிதறலோடு மறுமுனைக்குக் கடத்தியது. தொலைத்தொடர்புக்கு நாம் ஒளியிழை இழுக்கிறோம். கண்ணுக்குள் அது முதலிலேயே இருந்திருக்கிறது.

தேர்வு மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘மூளையில் கிளையா நரம்பணுவைப்போல் பத்து மடங்கு’ என்ற வரி இணையத்தில் எங்கும் கிடைக்கும். எழுதாதீர்கள். 2009இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் மனித மூளையைக் கரைத்து எண்ணிப் பார்த்ததில் நரம்பணு ஏறக்குறைய 86 பில்லியன், மற்ற உயிரணுக்கள் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 85 பில்லியன். கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று.

இதெல்லாம் நம் குடும்பங்களுக்கு ஏன் முக்கியம்? இனிப்புநீர். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இனவாரியாக அதிகம் இருப்பது இந்தியர்களிடையே. தமிழ்நாட்டிலும் நிலைமை லேசானதல்ல. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் நடத்தி 2005இல் வெளியான கண் ஆய்வில், இனிப்புநீர் உள்ளவர்களில் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரை பாதிப்பு இருந்தது.

இந்தப் பாதிப்பை இரத்தக் குழாய் நோய் என்றே நெடுநாள் படித்தோம். குழாய் கசிகிறது, அடைக்கிறது, புதிய குழாய் தாறுமாறாக முளைக்கிறது. உண்மைதான். ஆனால் குழாயைச் சுற்றிப் பிடித்திருப்பது யார்? மியூலர் உயிரணுவின் பாதங்களும் விண்மீன் உயிரணுக்களும்தான். நரம்பணுக்கள் மும்முரமாக வேலை செய்யும் இடத்தில் குழாய் விரிந்து கூடுதல் இரத்தம் வருவதற்குக் கிளையா இடைத்தரகராக நிற்கிறது என்று 2006இல் மினசோட்டாவில் காட்டினார்கள். சிமிட்டும் ஒளியைக் காட்டினால் ஆரோக்கியமான கண்ணில் குழாய் விரியும்; இனிப்புநீர்க்காரர்களுக்கு அந்த விரிவு, கண்ணில் புள்ளியோ கசிவோ தெரிவதற்கு முன்பே குறையத் தொடங்குகிறது. சர்க்கரை மிகுந்த நிலையில் மியூலர் உயிரணு தடிக்கிறது, குளூட்டமேட் அள்ளும் வேலையில் பின்தங்குகிறது, குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதத்தை அதிகம் சுரக்கிறது. இன்று மருத்துவமனைகளில் கண்ணுக்குள் போடும் ஊசி மருந்து அந்தப் புரதத்தைத்தான் அடக்குகிறது.

ஆகவே ‘எனக்குப் பார்வை நல்லாத்தானே இருக்கு’ என்று தாத்தா சொன்னால் அதை நம்பிவிடக் கூடாது. பார்வை மங்குவது கடைசிக் கட்டம். ஆண்டுக்கொரு முறை கிளினிக் கெசிஹாத்தானில் விழித்திரைப் படம் எடுக்கச் சொல்லி அழைத்துப் போகவேண்டியது பிள்ளைகள்தான்.

இன்னும் ஒரு முனை பாக்கி. வரிக்குதிரை மீனின் விழித்திரையைச் சிதைத்தால் அதன் மியூலர் உயிரணு இளமைக்குத் திரும்பிப் பிளந்து, புதிய நரம்பணுக்களை உண்டாக்கி, மீன் மறுபடி பார்க்கிறது. கோழிக்குஞ்சில் இதன் ஒரு பகுதி நடக்கிறது என்று 2001இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஆன்டி ஃபிஷரும் தாமஸ் ரேயும் கண்டார்கள். பாலூட்டிகளில் அந்தத் திறன் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. 2017இல் ரே குழுவினர், வளர்ந்த எலியின் மியூலர் உயிரணுவில் ஒரு மரபணுவை இயக்கி, கூடவே வேதிப்பொருள் ஒன்றையும் கொடுத்து, அதிலிருந்து நரம்பணுக்களை வரவழைத்தார்கள். அவை பழைய வலையமைப்போடு இணைந்து ஒளிக்கும் துலங்கின. எண்ணிக்கை கொஞ்சம்தான், அந்த எலிக்குப் பார்வை திரும்பிவிட்டது என்று அவர்கள் சொல்லவில்லை. மனிதக் கண்ணில் இது இன்னும் சிகிச்சையாகவில்லை.